இரண்டாவது கொக்கி

சரக்... சரக்... சரக்...

மணி இரண்டே முக்கால். சமையலறைப் பக்கமிருந்து சத்தம். எலி இல்லை. எலி இவ்வளவு ஒழுங்காகச் சத்தம் போடாது. நாரால் தரையைத் தேய்க்கிற சத்தம். நான்கு இழுப்பு... ஒரு நிறுத்தம்... மறுபடி நான்கு இழுப்பு. அந்த நிறுத்தத்தில் நாரை வாளியில் முக்கிப் பிழிவதுகூடத் துல்லியமாகக் கேட்டது.

அவள் இருட்டில் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாள். கணவன் பக்கத்தில்தான் இருந்தான். குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் இருப்பது அவர்கள் இரண்டே பேர்.

அப்படியென்றால் தேய்ப்பது யார்?

இது நம் மருந்துக்கடை அண்ணனுடைய தங்கைக்கு நடந்தது. அண்ணன் தன் வாயால் ஒரே ஒரு முறைதான் சொன்னார். இன்னொரு முறை கேட்டால் கடையை இழுத்து மூடிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஜன்னல் பக்கம் யாரும் திரும்ப வேண்டாம்.

தங்கைக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. மற்றவர்களுக்குத் தெரியாத கீறல் அவள் கண்ணுக்கு ரயில் தண்டவாளம் மாதிரித் தெரியும். கணவனுக்கு அச்சகத்தில் பைண்டிங் வேலை. விரலில் எந்நேரமும் மையும் பசையும். கல்யாணமாகி இரண்டு வருடம் மாமியார் வீட்டு மூலையில் காலம் தள்ளிவிட்டு, இப்போதுதான் தனிக்குடித்தனம். தெருக்கோடியில், தண்ணீர்த் தொட்டியையும் தாண்டி ஒரு வீடு. முன்பக்கம் வீட்டுக்காரர். அதை விட்டால் அக்கம்பக்கம் யாருமில்லை. வழியில் ஆறு விளக்குக் கம்பங்கள். நான்கு எரியாது. ஆனாலும் தனக்கே தனக்கென்று ஒரு வீடு... அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற சர்வேயர். குடிவந்த அன்றே டேப்பும் பட்டியலுமாக அவர்களை அறை அறையாக நடத்திக்கொண்டு போனார்.

"கூடத்துச் சுவர், சுண்டு விரல் நீளம் வெடிப்பு. எழுதியாச்சு. குளியலறைக் குழாய் சொட்டுது. அது என் பொறுப்பு. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால கொக்கி ரெண்டு. ஒண்ணு தேஞ்சது, ஒண்ணு புதுசு."

"கொக்கியக் கூடவா சார் எழுதுவீங்க?" என்றான் கணவன்.

"எழுதினாத்தான் தம்பி நாளைக்கு நமக்குள்ள முகம் சுளிக்க வேண்டாம். இதுல இல்லாத சேதம் எது வந்தாலும் உங்க பொறுப்பு. அழுக்கும் அப்படித்தான். காலி பண்றப்போ இந்தப் பக்கத்துக் கட்டத்துல கையெழுத்துப் போட்டு சாவியக் குடுக்கிற வரைக்கும் துடைக்கிறதும் ஒட்டுறதும் நீங்கதான்." பிறகு அவளைப் பார்த்தார். "உனக்கு முன்னால ஒரு நர்ஸ் இருந்தா. ஏழு வருஷம். ஒரு ஆணி அடிச்சதில்ல. ஒரு கறை கிடையாது. வீடுன்னா அப்படி வச்சிக்கணும்."

வீட்டுக்குள் கால் வைத்து அரை மணி நேரம் ஆகவில்லை. அதற்குள் அவளுக்கு உள்ளே லேசாகப் புகைந்தது.

"குடும்பத்தோட இருந்தாங்களா?"

"தனியாத்தான். ஒருத்தர் வருவாரு வருவாருன்னு சொல்லிட்டே இருப்பா. அந்த ரெண்டாவது கொக்கி அவருக்காக மாட்டினது. கடைசி வரைக்கும் யாரும் வரல."

"நாந்தான் வந்துட்டேனே" என்று சிரித்துக்கொண்டே கணவன் சட்டையைக் கழற்றி அந்தப் புதுக் கொக்கியில் மாட்டினான்.

அறையில் யாரோ நீளமாக மூச்சு விட்ட மாதிரி இருந்தது. ஜன்னல் காற்று என்றார் சர்வேயர். ஜன்னல் மூடியிருந்தது.

மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். பட்டியலின் ஒரு பிரதி அவர்களுக்கு. கணவன் அதற்கு நான்கு மூலையிலும் பைண்டிங் பசை தடவி, சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தான்.

அதற்குப் பிறகு பத்தாம் நாள்தான் அந்தச் சத்தம்.

அவள் கட்டிலை விட்டுத் தரையில் கால் வைத்தாள். சத்தம் நின்றது. சமையலறையில் யாருமில்லை. தரை ஈரமாக இருந்து, அவள் பார்க்கப் பார்க்கக் காய்ந்தது. ஆஸ்பத்திரி லோஷன் வாசனை... அதற்கு அடியில் நாள்பட்ட ஈரத்துணி வாசனை. முந்தின நாள் குக்கர் கைநழுவி விழுந்து ஒரு டைல்ஸின் மூலை பெயர்ந்திருந்தது. சர்வேயர் கண்ணில் படக்கூடாதே என்று அதன்மேல் மிதியடியைப் போட்டு மறைத்திருந்தாள். மிதியடியை நகர்த்தினாள். மூலை முழுசாக இருந்தது. கடையில் கீறல் பார்க்கிற லென்ஸை வைத்துப் பார்த்தாள். ஒட்டுப் போட்ட தடமே இல்லை.

காலையில் கணவன் தரையைப் பார்த்து அசந்துபோனான்.

"என்னமா மின்னுது. எங்கம்மா கூட இப்படி வச்சதில்ல."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தன் அம்மாவை விட ஒருத்தி உசத்தி என்று அவன் வாயிலிருந்து வர அவள் இரண்டு வருடம் காத்திருந்தாள். வந்த பெயரை எதற்கு விடுவது என்று சும்மா இருந்துவிட்டாள்.

அடுத்த வாரம் அவன் சட்டைகள் தானாக மடிந்தன. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு மாதிரி, மூலைக்கு மூலை கச்சிதமாக. செருப்பில் மை சிந்தினால் விடிவதற்குள் பளபளத்தது. அவன் நேரத்தோடு வீடு திரும்ப ஆரம்பித்தான். "உன் கைபட்டா எல்லாம் புதுசாகுதும்மா" என்றான். ஒவ்வொரு பாராட்டும் வேறு ஒருத்திக்கு வந்த கடிதத்தைத் தான் பிரித்துப் படிப்பது போலிருந்தது அவளுக்கு.

பயப்பட வேண்டியவள் பொறாமைப்பட்டாள். சிரிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரிகிற சக்களத்தி என்றால் முடியைப் பிடித்து இழுக்கலாம். இவளிடம் எதைப் பிடிப்பது?

வீம்புக்குக் கூடத்தில் ஆணி அடித்துக் கல்யாணப் படத்தை மாட்டினாள். காலையில் துளை அடைபட்டிருந்தது. ஆணி சமையல் மேடையில் இருந்தது. படம் அலமாரியில், முகம் கவிழ்ந்து.

அன்றுதான் லென்ஸை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கப் பார்த்தாள். சுவிட்சுக்குப் பக்கத்தில் கணவனுடைய மைவிரல் தடம் ஒன்று. ரேகை கலையாமல் அப்படியே இருந்தது. அதைச் சுற்றி மட்டும் சுவர் தேய்த்துத் துடைக்கப்பட்டிருந்தது. அவன் தலை சாய்க்கிற இடத்தில் எண்ணெய்க் கறை பத்திரமாக இருந்தது. அவள் சாய்கிற இடத்தில் கறை இல்லை. கண்ணாடியில் அவள் ஒட்டிவைத்த பொட்டு இல்லை. சீப்பில் அவள் முடி ஒன்றுகூட இல்லை. கதவுப் பிடியில் அவள் கைரேகை இல்லை.

அந்தக் கை அவனுடைய அழுக்கைத் தொடவே இல்லை. அவளுடையதை மட்டும் ஒன்று விடாமல் எடுத்திருந்தது.

நேராகச் சர்வேயரிடம் போய் நின்றாள்.

"அந்த நர்சம்மா எங்க சார் போனாங்க?"

"டூட்டிக்குப் போனா. அங்கயே மயங்கி விழுந்தா. அப்புறம் வீட்டுக்குத் திரும்பல. சாமான யாரோ சொந்தக்காரங்க வந்து அள்ளிட்டுப் போனாங்க. ஏன்?"

"காலி பண்ணினதுக்குக் கையெழுத்து வாங்கினீங்களா?"

அவர் கோப்பைப் பிரித்தார். மஞ்சளேறிய பழைய தாள். வந்ததற்குக் கையெழுத்து இருந்தது. போனதற்கு... கட்டம் வெறுமையாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் வெறுமைதான்.

"கையெழுத்துப் போடற வரைக்கும் வீடு அவங்க பொறுப்புன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்தான்..." என்று இழுத்தார். "அதுக்காக செத்தவகிட்ட எப்படிம்மா கையெழுத்து வாங்கறது?"

"நான் வாங்கறேன். அந்தத் தாளைக் குடுங்க."

அன்றிரவு கணவன் தூங்கியபிறகு சமையல் மேடையில் தாளை விரித்தாள். மேலே பேனாவை வைத்தாள். இருட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"அக்கா, போட்டுட்டுக் கிளம்புங்க. இனிமே வீட்ட நான் பாத்துக்கறேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். வயிற்றெரிச்சல் விடவில்லை.

"உங்களுக்கு வர வேண்டியவரு வரலைன்னா அதுக்கு என் புருஷனா கிடைச்சாரு? அவரு என்னோட ஆளு."

குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றது.

அன்று தேய்க்கிற சத்தம் இல்லை. வெகுநேரம் எதுவுமே இல்லை. பிறகு... கிர்ர்ர்... காகிதத்தின்மேல் பேனா நிதானமாக நகர்கிற சத்தம். ஒரு கையெழுத்தின் நீளம். போர்வைக்குள் அவள் சிரித்துக்கொண்டாள். பல நாள் கழித்து நன்றாகத் தூங்கினாள்.

காலையில் மேடையில் தாள் இல்லை. பேனா மூடியோடு இருந்தது. நர்ஸ் தொலைந்தாள் என்று நினைத்தாள். வேலைக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் அலமாரிக் கதவைத் திறந்து பார்க்கவில்லை. கடையில் அன்று முழுக்கப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே லென்ஸ் தேய்த்தாளாம்.

இரவு எட்டு மணி. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி நடந்து வந்தாள். கூடத்தில் விளக்கு எரிந்தது. உள்ளே கணவன் யாருடனோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். பதிலுக்கு ஒரு குரலும் கேட்கவில்லை. ஆனால் அவன் இடைவெளி விட்டு, கேட்டு, மறுபடி சிரித்தான்.

பையைத் துழாவினாள். சாவிக்கொத்தில் கடைச் சாவி இருந்தது, பெட்டிச் சாவி இருந்தது. வீட்டுச் சாவி இல்லை. மணியை அழுத்தினாள். கதவைத் தட்டினாள். உள்ளே பேச்சு நிற்கவே இல்லை.

காலில் ஏதோ இடித்தது. படியில் அவளுடைய பெட்டி. திறந்தாள். அவள் துணிகள் எல்லாம்... மூலைக்கு மூலை கச்சிதமாக மடித்து. லோஷன் வாசனை குப்பென்று வந்தது.

ஜன்னல் பக்கம் ஓடினாள். படுக்கையறைக் கதவு தெரிந்தது. புதுக் கொக்கியில் கணவன் சட்டை. தேய்ந்த கொக்கியில் ஒரு வெள்ளை நர்ஸ் கோட்டு. சமையலறை அலமாரியும் திறந்திருந்தது. கதவின் உள்பக்கத்தில், அவர்கள் பட்டியல் இருந்த இடத்தில் நர்ஸின் மஞ்சள் தாள், அழகாக ஒட்டி. போனதற்கான கட்டம் இன்னும் வெறுமையாகவே இருந்தது.

பின்னால் டார்ச் வெளிச்சம். சர்வேயர் ஒரு கையில் வீட்டுச் சாவியும் மறு கையில் ஒரு தாளுமாக வந்தார். தாளின் நான்கு மூலையிலும் பைண்டிங் பசை காய்ந்திருந்தது.

"காலையில என் கதவுக்கடியில கிடந்துச்சு" என்றார். "வரும்போது ரெண்டு பேரும் ஒண்ணாத்தானேம்மா வந்தீங்க... இப்ப நீ மட்டும் காலி பண்றதா எதுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்க?"