சர்தார் பாஷாவின் சிவப்பு கார்

சாயங்காலம் ஆறே முக்கால். பேர்ணாம்பட்டிலிருந்து ஆம்பூர் வரும் சாலை. மூடிக் கிடக்கும் தோல் ஷெட்டுகளைத் தாண்டிவிட்டால் ஆள் கிடையாது... விளக்கும் கிடையாது. வெறும் புளியமரங்கள்.

அந்தச் சாலையில் ஒரு ஜீப். பின்னால் கயிறு. கயிற்றின் முனையில் ஒரு சிவப்பு கார்.

போனை யாரும் தொடாதீர்கள். ஹாஸ்டலுக்குக் கரண்ட் வரும்வரை இந்தக் கதைதான் பொழுதுபோக்கு.

காரில் ஸ்டியரிங் பிடித்திருந்தவர் வாஹித் பாஷா. நம் காஷிஃபின் சித்தப்பா. ஷூ கம்பெனியில் தோல் தரம் பார்ப்பவர். கார் அவருடைய மூத்த அண்ணன் சர்தார் பாஷாவுடையது. லண்டனில் செய்தது, இரண்டே சீட்டு, கூரை கிடையாது. ஒரு காலத்தில் ஏலகிரி வளைவுகளில் பறந்த வண்டி. பிறகு என்ஜின் படுத்துவிட்டது. மனுஷன் விடவில்லை. தினமும் அஸர் தொழுதுவிட்டு வந்து, பேர்ணாம்பட்டு வீட்டு ஷெட்டில் நிற்கும் காரில் ஏறி உட்கார்ந்து கியர் மாற்றிக்கொண்டிருப்பார். அப்படி உட்கார்ந்தபடியேதான் போய்ச் சேர்ந்தார். கால் ஆக்ஸிலரேட்டரில்.

அவர் மனைவி குர்ஷித், மகளோடு இருக்க மஸ்கட் கிளம்ப வேண்டும். ஷெட்டைக் காலி செய்தாக வேண்டும்.

"பழைய இரும்புக்காரன் கையில மட்டும் குடுத்துடாத வாஹித். ஓட்டுறவங்ககிட்ட குடு. அப்பதான் நான் பிளேன் ஏறுவேன்" என்றுவிட்டார்.

வந்தவனெல்லாம் எடை எவ்வளவு என்று கேட்டான். கடைசியில் வேலூரிலிருந்து பரணிதரன் வருவதாகச் சொன்னார். பழைய கார்களைப் புதுப்பித்து ஓட்டும் பைத்தியம். இவரும் வேண்டாமென்று போனால் அடுத்து கட்டர் மிஷின்தான்.

இங்கேதான் வாஹித் பாஷா ஒரு காரியம் செய்தார். ஆம்பூர்க்காரர் மட்டுமே செய்யக்கூடியது. துருப்பிடித்த கதவு, ஓட்டை விழுந்த தரை எதுவும் அவர் கண்ணில் படவில்லை. கிழிந்த டிரைவர் சீட்டு மட்டும் பட்டது. நம் ஊர் வண்டியில் கிழிந்த தோலா? ஒரே நாளில் பிரித்து, ஏற்றுமதித் தரத் தோலைப் போட்டு இழுத்துத் தைத்துவிட்டார். பழைய தோலில் நல்ல பாகம் கொஞ்சம் மிச்சம். தோலை வீச அவருக்கு மனசு வராது. அதில் ஒரு ஜோடி செருப்பு தைத்துக் காலில் மாட்டிக்கொண்டார்.

பரணிதரன் வந்தார். சீட்டைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது.

"இன்னா சார் பண்ணி வச்சிருக்கீங்க? கதவு போனா வேற தகடு அடிச்சிக்கலாம். ஓட்டுனவரு உடம்பு சீட்டுலதான சார் இருக்கும். பழைய தோல் எங்க?"

"குப்பைல போட்டுட்டேன்" என்றார் வாஹித் பாஷா, ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் ஒளித்தபடி. இரண்டிலும் செருப்பு இருந்ததால் அதில் பெரிய பலன் இல்லை. நல்லவேளை, பரணிதரன் குனிந்து பார்க்கவில்லை. பெருமூச்சு விட்டு, சரி எடுத்துக்கொள்கிறேன் என்றார். என்ஜினையும் பேட்டரியையும் கழற்றி ஜீப்பில் ஏற்றினார்கள். காரைக் கயிற்றில் கட்டினார்கள்.

இனி புளியமரங்கள்.

முதலில் வாசனை வந்தது. மல்லிகை அத்தர்... அதற்கடியில் ஊறவைத்த தோலின் உப்பு நாற்றம். சர்தார் பாஷா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் வரும் வாசனை.

பிறகு வலது கால் கீழே இறங்கியது. அவர் இறக்கவில்லை. பாதத்துக்கடியில் செருப்பு நெரிந்தது... கீஈஈச்.

கயிறு தொய்ந்தது.

ஜீப் மெதுவாகவில்லை. கார்தான் வேகமானது. கயிறு தார்ச்சாலையில் சரசரவென உரசியது. ஸ்டியரிங் அவர் கைக்குள்ளேயே திரும்ப, கார் ஜீப்புக்குப் பக்கவாட்டில் ஏறியது. பானெட்டுக்குள் வெறும் பொந்து. சத்தமே இல்லை... ஜீப்பிலிருந்து பரணிதரன் திரும்பிப் பார்த்தார்.

"டேய், என்ஜின் இல்லாத வண்டிக்கு ஓவர்ஸ்பீடு கேஸ் போடுவானா?" என்கிறான் அன்பரசன். போடுவான். ஹெல்மெட்டுக்கும் சேர்த்துப் போடுவான். கேள்.

"பாயி... வுட்டுடு பாயி" என்று அண்ணனைக் கெஞ்சிக்கொண்டே காலை இழுத்தார் வாஹித் பாஷா. வரவில்லை. குனிந்து செருப்பின் பக்கிளை அவிழ்த்தார். கால் மட்டும் வந்தது. செருப்பு பெடலிலேயே நின்றது. மற்றதையும் உதறிவிட்டு, இரண்டு கால்களையும் சீட்டின்மேல் தூக்கி வைத்துக்கொண்டார். கார் மெல்ல வேகம் குறைந்து, ஓரமாக, ரொம்ப மரியாதையாக நின்றது.

பரணிதரன் இறங்கி வந்து பானெட்டில் கை வைத்தார். உடனே எடுத்துக்கொண்டார். சுட்டுவிட்டது.

"நான் ஏற மாட்டேன்" என்றார் வாஹித் பாஷா, ரோட்டில் நின்றபடி.

"அப்போ ஸ்டியரிங் யாரு புடிக்கிறது?"

பரணிதரன் அந்தப் புதுச் சீட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கயிற்றைச் சரிசெய்து ஜீப்பில் ஏறினார். கார் பைத்தியங்களுக்குப் பேய் பயம் கம்மி.

முதல் வளைவில் ஜீப் திரும்பியது. ஆளில்லாத கார், கோடு போட்டாற்போல் பின்னாலேயே திரும்பியது.

வாஹித் பாஷா வெறுங்காலோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி நடந்தார். குர்ஷித் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வித்தாச்சு பாபி."

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. செருப்பைப் பற்றி இல்லை, சாலையைப் பற்றி இல்லை. குர்ஷித் தலையாட்டினார். பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினார்... பிறகு கேட்டார்.

"வளைவுல மெதுவாத்தான போனாரு? நான் சொன்னா கேக்கவே மாட்டாரு."