என் பெயரில் உள்ள சிம்

குறுஞ்செய்தியில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான்; அதில் யாரும் முழு வாக்கியம் எழுதுவதில்லை. 'சரி' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'கே' என்று ஓர் எழுத்தைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் முப்பத்தொரு வருடம் சர்வேயராக இருந்தவன். கேட்டதற்கெல்லாம் முழு வாக்கியத்தில் பதில் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் அம்மா.

என் பெயர் வைத்திலிங்கம். வீடு திருப்பாதிரிப்புலியூரில். ஒரே மகள் காயத்ரி சிதம்பரத்தில் படிக்கப் போனபோது அவளுக்கு ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தேன். சிம் என் பெயரில். வீட்டுக்கு வந்ததும் போனை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. 2010இல், அவள் படிப்பு முடிந்த வாரம், அது அங்கிருந்தபடி ஒலித்தது. என் பெயரில் உள்ள எண்ணுக்கு வருவது எனக்கு வருவதுதானே. எடுத்துப் பார்த்தேன். 'சாப்ட்டியா செல்லம்' என்று இருந்தது. அனுப்பியவன் ராஜவேல், அவளோடு படித்த கீரப்பாளையத்துப் பையன். எங்கள் வகையறா இல்லை.

நான் சத்தம் போடவில்லை. கை ஓங்கவில்லை. சிம்மைக் கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லி, மகளுக்குப் புது எண் வாங்கிக் கொடுத்தேன். பழைய சிம்மை என் இரட்டை சிம் போனில் போட்டுக்கொண்டேன். நண்பர்களின் எண்களெல்லாம் அந்த சிம்மோடு போய்விட்டன. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஓர் எண்ணும் மனப்பாடம் கிடையாது. காயத்ரிக்குத் தெரிந்தது எங்கள் வீட்டு லேண்ட்லைன் ஒன்றுதான்.

பையனுக்கு அவள் பெயரில் முதலில் எழுதியது, 'இனி என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம்' என்றுதான். அவன் 'ஏன்' என்றான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுவது மரியாதை இல்லை. எழுதினேன். அதற்கு அவன் ஒன்று எழுதினான். அப்படியே போயிற்று. குரலைக் கேட்க வேண்டும் என்றான். அப்பா எந்நேரமும் போன் பக்கத்திலேயே இருக்கிறார் என்று எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை.

பான்பராக்கை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினான். வி.ஏ.ஓ. தேர்வுக்குப் படிக்கச் சொன்னேன், படித்தான். புல எல்லை, பட்டா, சிட்டா எல்லாம் தினம் கொஞ்சமாகச் சொல்லிக் கொடுத்தேன். 'நீ இப்பல்லாம் பெரிய மனுஷி மாதிரி பேசுற' என்று எழுதினான். அதை மட்டும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

அடுத்த தையில் காயத்ரியைப் பெண்ணாடத்தில் நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தேன். அதற்கு முன் ஒரு தடவை கேட்டாள்.

"அப்பா, பழைய நம்பருக்கு யாராச்சும் பண்ணாங்களாப்பா?"

"நிறுத்துன நம்பருக்கு எவன்மா பண்ணுவான்?"

அதன் பிறகு மாப்பிள்ளை போட்டோவைப் பார்க்காமலே சரி என்றுவிட்டாள். அவ்வளவு அடக்கமான பெண். கல்யாணத்தன்று ராஜவேலுக்கு விரிவாக எழுத நேரமில்லை. 'வீட்டில் விசேஷம்' என்று மட்டும் போட்டேன். 'என்ஜாய்' என்று பதில் வந்தது.

ஆடி மாதம் அவனுக்கு வேலை கிடைத்தது. உடனே, 'கெளம்பி வந்துடு, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முடிச்சுக்கலாம்' என்று எழுதினான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிப்போகிற குடும்பமா நாங்கள்? 'தாய் தகப்பனோடு தட்டு வைத்து முறையாக வந்து கேளுங்கள்' என்று கண்டித்து எழுதினேன். பஞ்சாங்கம் பார்த்து ஆவணியில் ஒரு புதன்கிழமையைக் குறித்தும் கொடுத்தேன். முறையாகக் கேட்டால், தகப்பன் என்கிற முறையில் நானும் முறையாக மறுத்து அனுப்பிவிடலாம் என்பது திட்டம்.

நல்ல நேரம் பார்த்தேனே தவிர, அன்று வீட்டில் யார் இருப்பார்கள் என்று பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டிக்கொண்டு போகலாம் என்று காயத்ரி முதல்நாளே வந்திருந்தாள். ஆறு மாதம்.

வேனில் பதினொரு பேர், ஒன்பது தட்டு. என் மனைவி விருத்தாம்பாள், "யாருங்க இவுங்க? தட்டோட வராங்க?" என்று என்னைப் பார்த்தாள். காயத்ரி தண்ணீர் கொண்டுவந்தாள். ராஜவேல் அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு வயிற்றைப் பார்த்தான்.

"நேத்துகூட மெசேஜ் போட்டியே காயு. வரச் சொன்னதே நீதானே?"

"நானா? உன் நம்பர்கூட எங்கிட்ட இல்லியே ராஜா."

அவன் அங்கேயே நின்று அந்த எண்ணை அழுத்தினான். என் சட்டைப் பையில் மணி அடித்தது.

அவனைப் பெற்றவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பொண்ணு இவருதானாடா? தலைகுனிஞ்சு வேற நிக்கிறாரே" என்றாள். காயத்ரி சொம்பைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் பெண்ணாடம் போய்விட்டாள். இன்றுவரை போனை எடுக்கவில்லை. அவளுடைய அந்தப் புது எண்ணும் என் பெயரில்தான் இருக்கிறது.

ஆகவே, புகாரில் உள்ளது அத்தனையும் உண்மை. பதினைந்து மாதம் அவள் பெயரில் எழுதியது நான்தான். அவள் கல்யாணத்துக்குப் பிறகும் ஏழு மாதம் ஏன் எழுதினீர்கள் என்று கேட்கிறீர்கள். பையனின் படிப்பு கெட்டுவிடக் கூடாது என்றுதான். மற்றபடி எனக்கு அதில் என்ன இருக்கிறது?

புகார் கொடுத்த மறுநாளே அவன் எண்ணை மாற்றிவிட்டான். மூன்று முறை போட்டுப் பார்த்தேன், போகவில்லை. இத்தனை மாதம் பழகியவரிடம் புது எண்ணைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை பாருங்கள். அந்த வீட்டில் பெண் கொடுக்காமல் விட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று.