கடிக்காத கொசுக்கள்

ஆண் கொசு மனிதரைக் கடிக்காது, இன்ஸ்பெக்டர் சார். படித்தவர்களுக்கே இது தெரிவதில்லை. பூவிலும் செடியிலும் இனிப்பை உறிஞ்சித்தான் அது பிழைக்கிறது.

பம்மல் சாக்கடைகளில் பெருகும் கொசு யானைக்கால் நோயைப் பரப்புகிறது. அதன் உடலுக்குள் ஒரு நுண்கிருமி குடியிருக்கிறது. கொசுவுக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் வேறு வகைக் கிருமி உள்ள வெளியூர் ஆண் கொசு இந்த ஊர்ப் பெண் கொசுவோடு சேர்ந்தால், முட்டை பொரிப்பதில்லை. அப்படிப்பட்ட ஆண்களை வளர்த்துப் பறக்கவிடுவதற்காகவே தாம்பரத்தில் பார்த்த ஆசிரியர் வேலையை விட்டு வந்தேன். பூச்சிமருந்து வேண்டாம், புகை வேண்டாம். "வேதசிரோமணி சார் எதையும் கொல்ல மாட்டார்" என்று என் உதவியாளர் அமலராணி எல்லோரிடமும் சொல்வாள்.

இந்த எழுபத்தைந்தாம் வருஷம் பிறந்ததும் ஒரு வதந்தி கிளம்பியது. எதிர்வீட்டுத் துளசிங்கம் எங்கள் கொட்டகைக்கே வந்து கேட்டார்.

"இன்னா சார், உன் கொசு கடிச்சா ஆம்பளைக்குப் புள்ள பொறக்காதாமே? எங்க வூட்ல வயசுப் பசங்க கீறானுங்க."

கூண்டுக்குள் கையை விட்டுக் காட்டினேன். ஒன்றும் கடிக்கவில்லை. தலையாட்டிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சுக்குப் போயிருந்தபோது வலைகளைக் கிழித்து, புழு வளரும் தட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டார். அமலராணி அழுதாள். நான் கோபப்படவில்லை. மறுபடி வளர்க்கலாம், ஆனால் மறுபடி அவர் வருவார். அவ்வளவுதான் யோசித்தேன்.

பக்கத்தில் தோல் பதனிடும் ஷாப்பு. வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் தொழுகைக்குப் போய்விடுவார்கள், அங்கே ஆள் இருக்காது. கொசுப்புழு எங்கே வளர்கிறது என்று காட்டுகிறேன், வாருங்கள் என்று துளசிங்கத்தைக் கூப்பிட்டேன். வந்தார். அவருக்கே வலது காலில் யானைக்கால், மெதுவாகத்தான் நடந்தார். தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டி ஓரத்தில் குனிந்தபோது தள்ளினேன்.

மார்பளவு ஆழம்தான். ஆனால் அந்தக் காலைத் தூக்கி அவரால் ஏற முடியவில்லை. விளிம்பைப் பிடித்த விரல்களைச் செருப்புக்காலால் மிதித்தேன். எலும்பு முறிவது கேட்டது.

"கண்ணு எரியுது சார். கை குடு சார்," என்றார்.

தோல் புரட்டும் கழியை அவர் கழுத்தில் வைத்து அழுத்தினேன். வெள்ளைச் சேற்றில் குமிழிகள் வந்தன. அவை நிற்கும்வரை கழியை எடுக்கவில்லை.

இதுவரை உங்களுக்கே தெரியும். அமலராணி எங்கே என்றுதான் காலையிலிருந்து கேட்கிறீர்கள்.

அவள் சத்தம் கேட்டுக் கொட்டகையிலிருந்து கயிற்றோடு ஓடி வந்தாள். "சார், அவர் முழுகுறார், இதைப் போடுங்க," என்றாள். அப்புறம்தான் என் கையிலிருந்த கழியைப் பார்த்தாள். "நீங்களா சார்?"

கயிற்றை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த தொட்டியை இறைக்கச் சொல்லுங்கள். கயிறு இன்னும் அவள் கழுத்தில் இருக்கும். உயிரோடு தள்ளினால் சுண்ணாம்பு கண்ணைப் பொசுக்கிவிடும். அதனால் மூச்சு நின்ற பிறகே மெதுவாக இறக்கினேன். அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு கெடுதலும் செய்ததில்லை, சார்.