அண்டாவில் வெள்ளோட்டம்

ஹாலாஸ்யம்: மதுரை மாநகரப் பெருமக்களே! நாளைக் காலை பத்து மணிக்கு வண்டியூர்க் கண்மாயில் வரலாறு மிதக்கப்போகிறது. ஓய்வுபெற்ற தாசில்தாரும், வைகைப் படகோட்டக் கழகத்தின் ஸ்தாபகத் தலைவருமான ஹாலாஸ்யமாகிய நான், கலெக்டர் கொடியசைக்க, மோட்டார்ப் படகில் ஏறி...

யூனுஸ்: சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கயிறு இழுக்கணும். முழங்கை மூஞ்சில பட்டுரும்.

ஹாலாஸ்யம்: ஓய் யூனுஸ், நாளைக்குப் பேசறதுக்கு ஒத்திகை பாத்துண்டிருக்கேன். நடுவுல...

யூனுஸ்: நீங்க பேசுங்க சார். மோட்டார்தான் பேச மாட்டேங்குது. இந்தா இழுக்குறேன்... ம்ஹும். செருமக்கூட இல்ல.

ஹாலாஸ்யம்: வெள்ளைக்காரன் காலத்து மோட்டார். பாம்பன் ஏலத்துல எடுத்தது. கண்டவன் இழுத்தா ஸ்டார்ட் ஆயிடுமா?

யூனுஸ்: கண்டவன்னா? அழைப்பிதழ்ல தலைமைப் பொறியாளர்னு போட்டிருக்கீங்க.

ஹாலாஸ்யம்: அது கலெக்டருக்காகப் போட்டது. காஜிமார் தெருவுல லாம்பரட்டா ஸ்கூட்டர் ரிப்பேர் பாக்கறவர்னா போட முடியும்?

யூனுஸ்: பெட்ரோல் வருது சார். பொறிதான் வரல. பிளக்கைக் கழட்டி பாடியில ஒட்ட வச்சு இழுத்துப் பாத்துட்டேன். இருட்டு.

நாகலக்ஷ்மி: ஏன்னா... அண்டா எப்போ காலியாகும்?

ஹாலாஸ்யம்: நாகு, இது ராஜாங்கக் காரியம். படகு மோட்டாரை வெறும் தரையில ஓட்டப்படாது. அதோட விசிறி தண்ணியில முங்கியிருக்கணும். இல்லேன்னா சூடேறிப் பிடிச்சுக்கும்.

நாகலக்ஷ்மி: அதுக்கு எங்கம்மா சீர் குடுத்த அண்டாதான் கிடைச்சுதா? குழாயில ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணி. பழங்காநத்தமே குடத்தைத் தூக்கிண்டு நிக்கறது. இங்க என்னடான்னா குடிக்கற தண்ணியில கிரீஸு மிதக்கறது.

யூனுஸ்: கோவிச்சுக்காதீங்க மாமி. இந்தா, பிளக்கை ஒரு தடவை தொடச்சுட்டு...

நாகலக்ஷ்மி: அந்தப் பிளக்கை நீ முந்தாநாள்லேர்ந்து தொடைச்சுண்டே இருக்கே. அதுல உன் மூஞ்சியே தெரியறது. வேற எங்கேயும் கோளாறு இருக்காதா?

யூனுஸ்: இருக்கும் மாமி. மேல இந்தச் சக்கரம் இருக்குல்ல, இதுக்கு அடியில பாயிண்ட்டுனு ரெண்டு இரும்புத் துண்டு. தொட்டுத் தொட்டு விலகணும். விலகுறப்பதான் பொறி பிறக்கும். எனக்கென்னமோ கோளாறு அங்கனதான்னு...

ஹாலாஸ்யம்: சக்கரத்துல கை வைக்கப்படாது!

யூனுஸ்: அதத்தான் சார் நானும் சொல்றேன். கை வைக்கவே கூடாது.

நாகலக்ஷ்மி: இதென்ன கூத்து! கோளாறு அங்கதாங்கறே. அங்க தொட வேண்டாம்னும் சொல்றே.

யூனுஸ்: தொட்டா கம்பெனி செட்டிங் போயிரும் மாமி.

நாகலக்ஷ்மி: கம்பெனிக்காரன் செத்தே முப்பது வருஷம் இருக்கும். நாளைக்கு ஓடலைன்னா என்ன பண்ணுவேள்? அழைப்பிதழ் ஊர் பூராப் போயாச்சு. பசுமலைலேர்ந்து உங்க தம்பி குடும்பத்தோட வரார்.

ஹாலாஸ்யம்: இயந்திரக் கோளாறுன்னு கலெக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாம். பெரிய மனுஷன், புரிஞ்சுப்பார்.

நாகலக்ஷ்மி: மானம் போகாதா?

ஹாலாஸ்யம்: மானம் போனா... சம்பாதிச்சுக்கலாம்.

நாகலக்ஷ்மி: நீங்களா பேசறேள்? கல்யாணத்துல சந்தனம் குடுக்கலைன்னு என் சித்தப்பாவோட இன்னிவரைக்கும் பேசாத மனுஷன்!

ஹாலாஸ்யம்: எனக்காகச் சொல்லலை. நான் தாமிரபரணி வெள்ளத்துல எதிர்நீச்சல் போட்டவன். யூனுஸைத்தான் யோசிக்கறேன். குடும்பஸ்தன். படகு நடுவுல நின்னு, கவுந்து...

யூனுஸ்: எனக்கென்ன சார்? சின்ன வயசுல தெப்பக்குளத்துல மைய மண்டபம் வரைக்கும் ஒரே மூச்சுல போய்த் திரும்புவேன். நீங்க வயசானவரு, உங்க உடம்புக்குத்தான்...

ஹாலாஸ்யம்: என் உடம்புக்கு என்ன ஓய்?

நாகலக்ஷ்மி: சரி சரி. இந்தச் சக்கரத்துல ஜன்னல் மாதிரி ஒரு ஓட்டை இருக்கே, அது எதுக்கு?

யூனுஸ்: அது... காத்து வர்றதுக்கு மாமி.

ஹாலாஸ்யம்: வெள்ளைக்காரன் அழகுக்கு வச்சது.

நாகலக்ஷ்மி: உள்ள ஏதோ வெள்ளையா நீட்டிண்டிருக்கு.

ஹாலாஸ்யம்: நாகு, கரண்ட் அடிக்கும்!

நாகலக்ஷ்மி: பொறியே இல்லாத மோட்டார்ல கரண்ட்டா? இருங்கோ... கொண்டை ஊசியால... வந்துடுத்து. காகிதம்! ரெண்டு இரும்புக்கும் நடுவுல சொருகியிருக்கு. வழவழன்னு கெட்டிக் காகிதம். அட, திறப்பு விழா அழைப்பிதழ்னா இது! 'ஸ்தாபகத் தலைவர் ஹாலா'வோட வெட்டியிருக்கு.

ஹாலாஸ்யம்: எலி.

நாகலக்ஷ்மி: எலி கத்தரிக்கோலால வெட்டாது. யூனுஸ், பிளக்கை மாட்டு. கயிறை இப்படிக் குடு.

யூனுஸ்: மாமி, வேணாம், அண்டா தாங்காது...

நாகலக்ஷ்மி: மாட்டுங்கறேன்!... தள்ளி நில்லு. ஏலேலோ...

யூனுஸ்: யா அல்லா! பிடிச்சிருச்சு!

ஹாலாஸ்யம்: நிறுத்துடா! அண்டா ஆடறது! என் வேட்டி... என் வேட்டி!

நாகலக்ஷ்மி: எப்படி நிறுத்தறது?

யூனுஸ்: பிளக்கு ஒயரைப் பிடுங்கணும்! சார், நீங்க பிடுங்காதீங்க, ஈரக்கை...

ஹாலாஸ்யம்: ஆ... ஆஆ... அய்யோ!

யூனுஸ்: ...நின்னுருச்சு. சார்? சார், உயிரோட இருக்கீங்களா?

ஹாலாஸ்யம்: இருக்கேன்.

யூனுஸ்: பொறி நல்லா வருது சார்.

நாகலக்ஷ்மி: இப்போ சொல்லுங்கோ. யார் வச்சது இதை?

ஹாலாஸ்யம்: யூனுஸ், உண்மையைச் சொல்லிடு. மாமி ஒண்ணும் பண்ண மாட்டா.

யூனுஸ்: சார்! எம் புள்ள மேல சத்தியமா நான் வைக்கல. நான் நேத்துப் பாத்தேன்... அம்புட்டுத்தான்.

நாகலக்ஷ்மி: பாத்துட்டு?

யூனுஸ்: வெளிய வர்ற மாதிரி இருந்துச்சு. கொஞ்சம்... உள்ள தள்ளி விட்டேன்.

நாகலக்ஷ்மி: ஏண்டா பாவி?

யூனுஸ்: தலைமைப் பொறியாளரும் உடன் பயணிப்பார்னு அச்சடிச்சிருக்காரு மாமி. எனக்கு நீச்சல் தெரியாது. குளத்துப் படியில கால் கழுவுறதுக்கே எம் பொண்டாட்டி கையைப் பிடிச்சுக்குவேன்.

ஹாலாஸ்யம்: உமக்குமா?

யூனுஸ்: உமக்குமான்னா?... சார், தாமிரபரணி எதிர்நீச்சல்?

ஹாலாஸ்யம்: போட்டது எங்கண்ணா. நான் கரையில துண்டு வச்சுண்டு நின்னேன்.

யூனுஸ்: அப்ப எதுக்கு சார் படகோட்டக் கழகம்?

ஹாலாஸ்யம்: லயன்ஸ் கிளப்ல தலைவராப் போடலைன்னான். ரோட்டரியிலயும் போடலை. எதுக்காவது ஒண்ணுக்குத் தலைவராகணுமோல்லியோ? ஐப்பசி மழையில கண்மாய் கடல் மாதிரி கிடந்தது. பாத்தேன், கழகம் ஆரம்பிச்சேன். சும்மா கூட்டம் போட்டுக் காப்பி குடிக்கலாம்னுதான். கலெக்டர் வரேன்னு எழுதுவார்னு நான் கண்டேனா?

நாகலக்ஷ்மி: அதுக்கப்புறம் கண்மாயை எப்போ பாத்தேள்?

ஹாலாஸ்யம்: நானா? ரெண்டு ஆள் ஆழம்னு ஒருத்தன் சொன்னான். அதுலேர்ந்து அந்தப் பக்கமே தலை வைக்கலை. யூனுஸ்தான் தலைமைப் பொறியாளரா இடத்தைப் பாத்துட்டு வந்து அறிக்கை குடுத்தான்.

யூனுஸ்: நான் எங்க சார் போனேன்? நீங்க போயிருப்பீங்கன்னு நெனச்சு நல்லாருக்குனு சொன்னேன்.

ஹாலாஸ்யம்: அடப்பாவி! நாகு, இனி ஒளிக்க ஒண்ணுமில்லை. காகிதத்தை வச்சது நான்தான். மோட்டார் ஓடித் தொலைஞ்சுடுத்து. கலெக்டர் முன்னாடி ஏற மாட்டேன்னும் சொல்ல முடியாது. நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் முழுகிச் சாகத்தான் போறோம்.

நாகலக்ஷ்மி: சாக மாட்டேள். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போயிட்டு அப்படியே அந்தப் பக்கம் வந்தேன். கண்மாய் நடுவுல எருமை நின்னுண்டிருந்தது. முழங்கால் நனையலை.