ஞாயிற்றுக்கிழமைக் குறட்டை

– சர்க்கரைன்னு எழுதின டப்பாவுல உப்பு இருக்கு. உப்புன்னு எழுதினதுல சட்டைப் பட்டன் இருக்கு. இதுல டீக்கு எதைப் போடறது?

– அடுப்புக்குப் பக்கத்துல எதுவுமே எழுதாத டப்பா ஒண்ணு இருக்கு பாருங்க. அதான் சர்க்கரை.

– எழுதாததுதான் சர்க்கரைன்னா, அப்புறம் எழுதினதெல்லாம் எதுக்கு?

– எனக்குத் தெரியும், அது போதும். இங்க பாருங்க, இன்னிக்கு என்னைக் கேள்வியே கேக்கக் கூடாது. பேச்சு அப்படித்தானே? இன்னிக்கு ஒரு நாள் நீங்கதான் பொண்டாட்டி, நான்தான் புருஷன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் இந்த சோபாவுல படுத்துக்கிட்டு என்னிக்காவது ஒரு கேள்விக்கு நீங்க பதில் சொல்லியிருக்கீங்களா?

– ஒரு நிமிஷம் இரு, யோசிக்கிறேன். நான் நீ. நீ நான். அப்ப இப்ப டீ கேட்டது யாரு?

– நான். அதாவது நீங்க.

– நான் கேட்டா நீதானே போட்டுக் குடுப்ப? ஆனா நான் இப்ப நீ. அப்ப நானே எனக்கு... இல்ல, உனக்கு... ஏம்மா, தலை சுத்துது.

– அடுத்து!

– இதென்ன ஆஸ்பத்திரி கவுண்டரா, அடுத்துங்கற?

– பழக்கம். வாரம் பூரா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து பேரு, வயசு, அடுத்து, பேரு, வயசு, அடுத்து. மூணே வார்த்தை. நாலாவதா ஒரு வார்த்தை பேசினா வரிசையில நிக்கறவங்க முறைக்கறாங்க. சரின்னு வீட்டுக்கு வந்தா, இங்க ஒரு லிஃப்ட் மெக்கானிக்கு. அவருக்கு மேல, கீழ, ரெண்டே வார்த்தை.

– இன்னிக்கு நிறையத்தானே பேசறேன்?

– அதான் எனக்கும் புரியலை. நேத்து ஏதோ கோபத்துல, ஒரு நாள் என் இடத்துல இருந்து பாருங்கன்னு சொன்னேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள சரின்னுட்டீங்க. லிஃப்டுக்குள்ள ஆள் மாட்டிக்கிட்டு இருக்குன்னு போன் வந்தாக்கூட இவ்வளவு வேகமாக் கிளம்ப மாட்டீங்களே. என்ன விஷயம்?

– விஷயமா? ஒண்ணுமில்லையே. உனக்கும் ஒரு நாள் ஓய்வு வேணும்ல?

– இத்தனை வருஷமா வராத அக்கறை!

– நீ படு. பேப்பரை எடுத்து மூஞ்சியில போட்டுக்கோ. அப்படித்தானே நான் படுப்பேன்?

– இதோ போட்டாச்சு. உஸ்... என்னங்க இது, உள்ள ஒரே புழுக்கமா இருக்கு. மை வாசனை வேற. மூச்சு விட்டா பேப்பர் மூக்குல ஒட்டுது. இதுல எப்படித் தூக்கம் வருது உங்களுக்கு?

– அது... பழகிடும்.

– இங்க படுத்தா எல்லாமே கேக்குதே! குழாய் சொட்டறது கேக்குது. நீங்க ஸ்பூனைத் தேடறது கேக்குது.

– அதெல்லாம் கேக்கக் கூடாது. குறட்டை விடு. அப்பத்தான் சரியா இருக்கும்.

– கொர்ர்ர்ர்... புஸ்ஸ்ஸ்... கொர்ர்ர்ர்... புஸ்ஸ்ஸ்...

– நான் அப்படியா விடறேன்?

– ஞாயித்துக்கிழமை அப்படித்தான் விடறீங்க.

– சரி சரி. இந்தப் பாத்திரத்தைக் கழுவி முடிச்சுடறேன். எப்படியும் இப்ப உன் அக்கா போன் வரும்.

– தூங்கற மனுஷனுக்கு அக்கா கூப்பிடற நேரம் எப்படித் தெரியும்?

– அது... வாரா வாரம் கூப்பிடறாங்கதானே! எழுந்ததும் நீயே சொல்வியே. நீ தூங்கு. அதோ, மணி அடிக்குது பாரு. கையெல்லாம் சோப்பு, ஸ்பீக்கர்ல போட்டுடறேன்.

– அடியே, கேளேன் இந்தக் கூத்தை! நீச்சல் கிளாஸ்ல இந்த வாரம் தண்ணிக்குள்ள தலையை விட்டாச்சு! டீச்சர் பொண்ணு சொல்லுது, ஆன்ட்டி, மூச்சைப் பிடிங்கன்னு. நான் மூச்சைப் பிடிக்கறதுக்குப் பதிலா அவ கையைப் பிடிச்சுட்டேன். ரெண்டு பேரும் உள்ள போயிட்டோம். கேக்கறியா?

– ம்.

– முட்டி வலி சுத்தமா இல்லடி. தண்ணிக்குள்ள நான் பஞ்சு மாதிரி. வெளிய வந்தாத்தான் மூட்டை. கேக்கறியா இல்லையா?

– ம். ம்.

– என்னடி வெறும் ம்? தொண்டை கட்டிக்கிச்சா?

– அக்கா... நான்தான் பேசறேன்.

– யாரு, தம்பியா? அடக் கடவுளே! அவளுக்கு என்ன ஆச்சு?

– ஒண்ணும் ஆகலைக்கா. தூங்கறா.

– அவளா? மத்தியானமா? சின்ன வயசுல அடிச்சுப் படுக்கவச்சாலும் மத்தியானம் தூங்க மாட்டாளே!

– இன்னிக்கு நான் அவக்கா. அவதான் நான்.

– தம்பி, காலையில மாத்திரை ஏதாவது மாத்திப் போட்டுட்டீங்களா?

– இல்லக்கா, சொல்றதைக் கேளுங்க. எனக்கு எல்லாம் தெரியும்.

– எ... என்ன தெரியும்?

– எல்லாமே.

– அந்த நீலச் சட்டையா? தம்பி, சத்தியமா நான் கேக்கலை! அவளேதான் கொண்டு வந்து குடுத்தா. தரை துடைக்க நல்லா இருக்கும்கா, ஈரத்தை நல்லா உறிஞ்சுதுன்னு சொல்லி...

– என் நீலச் சட்டையா? அது கொடியிலேர்ந்து பறந்து போயிடுச்சுன்னுல்ல சொன்னா!

– கொர்ர்ர்ர்... புஸ்ஸ்ஸ்...

– அது என்ன தம்பி சத்தம்?

– அவதான். நல்லா அசந்து தூங்கறா. அக்கா, சட்டையை விடுங்க. நான் அந்த ரூம் விஷயமாப் பேசணும்.

– எந்த ரூம்?

– மறைக்காதீங்கக்கா. நான் கோபப்படலை. அவ அடுத்த மாசம் உங்க வீட்டுக்கே வந்துடப்போறா. உங்க பின்பக்க ரூம்ல இருக்கப்போறா. இங்க பேச ஆள் இல்ல, சுவத்தைப் பாத்துப் பேசறதுக்குப் பதிலா அக்காகூட வந்து இருக்கலாம்னு முடிவு பண்ணிட்டா. சரியா?

– தம்பி...

– நான் முடிச்சுடறேன்கா. விட்டா அப்புறம் எனக்குப் பேச வராது. அவ வரட்டும். வேண்டாம்னு சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கு? ஆனா அவ மட்டும் வந்தா எப்படி? நானும் வர்றேன். எனக்கு ரூம்லாம் வேண்டாம். சமையக்கட்டுக்குப் பக்கத்துல ஒரு மூலை போதும். அவ பேசறது காதுல விழற தூரத்துல இருந்தாப் போதும்கா. லிஃப்ட் எல்லா ஊர்லயும்தான் ரிப்பேர் ஆகுது, வேலை கிடைச்சுடும்.

– இருங்க, இருங்க. எனக்குத் தலையும் புரியலை, வாலும் புரியலை. பின்பக்க ரூம்ல தையல் மிஷினும் ஓடாத சைக்கிளும்தான் இருக்கு. அங்க ஒரு பூனை படுக்கக்கூட இடம் கிடையாது. யார் வர்றா? எதுக்கு வர்றா?

– அவதான்கா! நாலஞ்சு வாரமா உங்ககிட்டதானே பேசறா! பெட்டியில எதை எடுத்துக்கணும், எதை விட்டுட்டு வரணும்னு மணிக்கணக்கா...

– மணிக்கணக்காவா? நாலஞ்சு வாரமா எனக்கு நீச்சல் கிளாஸ் தம்பி! என் கதையை மூச்சு விடாமச் சொல்லிட்டு, சரிடி, ஆட்டோ வந்துடுச்சுன்னு வச்சுடறேன். அவ வாயைத் திறக்கவே நான் விடறதில்ல. எப்பவுமே நான் அப்படித்தானே!

– அப்ப அவ ரூமைப் பத்தி உங்ககிட்ட...

– ஒரு வார்த்தை பேசினதில்ல. உங்களுக்குள்ள ஏதாவது சண்டையா?

– சண்டை இல்லக்கா. சண்டை போடக்கூடப் பேசணும்ல?

– ஐயோ, ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கறாரு. தம்பி, முதல்ல அவளை எழுப்புங்க. எழுப்பி என்னன்னு கேளுங்க. சட்டை விஷயத்தை மட்டும் நான் சொன்னதாச் சொல்லிடாதீங்க!

– அக்கா... அக்கா! வச்சுட்டாங்க.

– கொர்ர்ர்ர்...

– ஏம்மா. எழுந்திரு.

– புஸ்ஸ்ஸ்...

– நடிக்காத. நானும் வர்றேன்னு சொன்னப்போ உன் குறட்டை நின்னுபோச்சு. அக்கா வச்சதும்தான் திரும்ப ஆரம்பிச்சுது.

– நான் இன்னிக்கு நீங்க. கூப்பிட்டா நீங்க எழுந்திருப்பீங்களா?

– விளையாட்டு போதும். பேப்பரை எடு.

– மாட்டேன்.

– ஏன்?

– எடுக்க மாட்டேன்னா மாட்டேன். கண்ணெல்லாம் நனைஞ்சு போயிருக்கு. மை வேற அப்பியிருக்கும். என் மூஞ்சியைப் பாத்தா சிரிப்பீங்க.

– அழறியா? எதுக்கு? நீ எடு முதல்ல.

– நீங்க முதல்ல பதில் சொல்லுங்க. தூங்கலைன்னா இந்தப் பேப்பர் எதுக்கு? இந்தக் குறட்டை எதுக்கு? இதுக்குள்ள வேகறதுக்குப் பதிலா எழுந்து உக்காந்து எங்கிட்ட ரெண்டு வார்த்தை பேசினா என்ன?

– எனக்குப் பேச வராதும்மா. உனக்குத் தெரியாததா?

– அதுக்குன்னு?

– ஒரு தடவை நீ அக்காகிட்ட பேசிட்டு இருந்த. கவுண்டருக்கு வந்த ஒருத்தர் வயசைக் கேட்டா பொண்டாட்டியைத் திரும்பிப் பாத்தாராமே, அந்தக் கதை. நீ விழுந்து விழுந்து சிரிச்ச. எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. கிட்ட வந்து கேக்கலாம்னு நான் எழுந்து வந்தேன். என்னைப் பாத்ததும், சரிக்கா, வச்சுடறேன், அவர் எழுந்துட்டாரு, டீ போடணும்னு டக்குனு முடிச்சுட்டு எழுந்து போயிட்ட.

– டீ கேக்கத்தான் எழுந்து வர்றீங்கன்னு நினைச்சேன்.

– எனக்கு டீ வேண்டாம். நீ சிரிக்கறதுதான் வேணும். அப்புறம் யோசிச்சேன். நான் முழிச்சிருந்தா நீ நிறுத்திடுவ. நான் தூங்கினா நீ பேசுவ. அதனாலதான் பேப்பர். வாரம் பூரா லிஃப்ட் குழிக்குள்ள தனியா நிக்கறேன். கேக்கறதெல்லாம் மோட்டார் சத்தம்தான். ஞாயித்துக்கிழமைக்காகத்தான் காத்துக்கிட்டு இருப்பேன். வேற என்ன பொழுதுபோக்கு இருக்கு எனக்கு?

– நானா? உங்களுக்கு நானா பொழுதுபோக்கு?

– தப்பாச் சொல்லிட்டேனா?

– தெரியலை. திட்டணுமா சிரிக்கணுமான்னே புரியலை. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? நான் பேசறது பிடிக்காமத்தான் மூஞ்சியை மூடிக்கறீங்கன்னு நினைச்சேன். வாரா வாரம் அதைப் பாக்கும்போது வயிறு எரியும்.

– அய்யோ, அப்படி இல்லம்மா.

– அப்ப போறேன்னு சொன்னப்போ ஏன் ஒரு வார்த்தை கேக்கலை? அடுத்த மாசமே கிளம்பறேன், பெட்டியை இறக்கி வைக்கப்போறேன்னு சொன்னேனே! ஏன் எழுந்து வரலை?

– அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு. குறட்டையும் நின்னுட்டா நான் கேட்டது உனக்குத் தெரிஞ்சுடுமேன்னு பயம். அதான் இன்னும் சத்தமா விட்டேன்.

– ஆமா. நான் கிளம்பறேன்னு சொல்லச் சொல்ல உங்க குறட்டை ஏறிக்கிட்டே போச்சு. போனா போகட்டும்னு விட்டுட்டாருன்னு நினைச்சேன். போன வாரம் நிஜமாவே பெட்டியை இறக்கித் தூசி தட்டி வச்சுட்டேன்.

– பெட்டியை நானும் பாத்தேன். அதான் நீ இடம் மாத்திக்கலாம்னு சொன்னதும் ஓடி வந்து சரின்னேன். அக்கா போனை நான் எடுத்தா அவங்ககிட்டயே நேராக் கேட்டுடலாம்ல? உங்கிட்டக் கேக்கத்தான் தைரியம் வரலை. ஆனா அக்காவுக்கு ஒண்ணுமே தெரியலையே! அப்ப அந்த ரூமைப் பத்தியெல்லாம் நீ யார்கிட்டதான் பேசின?

– யார்கிட்டயும் இல்ல. அக்கா வச்சதும் வெறும் போனைக் காதுல வச்சுக்கிட்டு நானாப் பேசினேன்.

– வெறும் போனா?

– ஆமா. கொஞ்சம் சத்தமாவே பேசினேன்.

– ஒரு நிமிஷம் இரு, யோசிக்கிறேன். அக்கா வச்சுட்டாங்க. நான் தூங்கறேன்னு நீ நினைச்சுக்கிட்டு இருக்க. வீட்டுல வேற ஆளே கிடையாது. அப்ப யாருக்குக் கேக்கணும்னு அவ்வளவு சத்தமாப் பேசின?

– ஏங்க, இத்தனை வருஷமா உங்க பக்கத்துலதான் படுக்கறேன். ராத்திரி நிஜமாவே தூங்கும்போது ஒரு நாளாவது நீங்க குறட்டை விட்டிருக்கீங்களா?