காய்ந்த மண் தொட்டி

தேநீர் சூடாக இருக்கிறது, ஐயா. ஆறட்டும். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காதா என்பார்கள், எனக்குப் பொறுக்கும். என் தொழிலே அதுதான்.

எரிமலை மண் எவ்வளவு சூட்டைக் கடத்துகிறது என்று அளப்பவன் நான். ஆய்வுக்கூடத்தின் பின்பக்கக் கொட்டகையில் வரிசையாகச் சிமெண்டுத் தொட்டிகள். முதல் தொட்டியில் காய்ந்த மண், அடுத்ததில் கொஞ்சம் ஈரம், கடைசியில் சேறு. சூடேறும் ஊசியை மண்ணில் செருகி, அது எவ்வளவு வேகமாகச் சூடேறுகிறது என்று பார்ப்போம். காய்ந்த மண் முழுக்கக் காற்றுப் பொத்தல். சூடு போக வழியில்லாமல் ஊசி சட்டென்று தகிக்கும். ஈரமண் சூட்டை வாங்கி வாங்கி அனுப்பிவிடும். ஒரு முறை அளந்தால் மண் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

என் மைத்துனனுக்குக் காத்திருக்க வராது. மனைவியின் ஒரே தம்பி. "அவன உங்க கூடவே வச்சுக்கோங்க, எங்கயும் விட்றாதீங்க" என்று அவள் கெஞ்சியதால் நான்தான் வேலையில் சேர்த்துவிட்டேன். நல்லவன், கலகலப்பானவன். ஆனால் ஒரு முறை ஊசியைச் செருகிவிட்டு, மீதி எண்களை நாற்காலியில் சாய்ந்தபடியே எழுதிவிடுவான். அந்த எண்களை நம்பித்தான் ஊருக்கு மின்கம்பிகளைப் புதைக்கப் போகிறார்கள். சூட்டை மண் வாங்காவிட்டால் கம்பி கருகிப்போகும். தாளின் அடியில் இருப்பதோ என் கையெழுத்து.

அன்று மதியம் அவனிடம் இதைக் கேட்டேன்.

"ஏன் மாமா இப்படி உயிர வாங்குறீங்க? மண்ணு என்ன, கோர்ட்டுக்கு வந்து சாட்சியா சொல்லப்போகுது?" என்றான்.

சொல்லிவிட்டு, காய்ந்த மண் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து காலாட்டினான். எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்கவில்லை. மண்ணை இடித்து இறுக்கும் இரும்புக் கட்டை கையில் இருந்தது. ஒரு முறைதான் அடித்தேன்.

வேலையை அரைகுறையாக விடுவது என் வழக்கமில்லை. தொட்டி ஆழமானது. மண்ணை வாரி, அவனைக் கிடத்தி, மறுபடி அடுக்கடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் பழைய இறுக்கத்துக்கே இடித்தேன். அவனாக இருந்தால் பாதியில் விட்டிருப்பான்.

வீட்டில் மனைவி, "தம்பி எங்க?" என்றாள்.

"எங்கயும் விடல. என் வேலையிடத்துலதான் இருக்கான்" என்றேன். அதில் பொய் ஏதும் இல்லை. அவள் தினமும் அவனுக்கு ஒரு தட்டு எடுத்து வைத்தாள். அதைப் பார்க்கத்தான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

அவனை அடிக்காமல் நானே திரும்ப அளந்திருந்தால் போதாதா என்று கேட்டீர்கள். அளந்தேனே. எல்லாத் தொட்டிகளையும் ஆறவிட்டு ஆறவிட்டு அளந்தேன். அங்கேதான் வந்தது வினை. காய்ந்த மண் தொட்டியின் நடுவில் ஊசி சூடேற மறுத்தது. அந்த மண் ஈரமண்ணைப் போலச் சூட்டைக் கடத்தியது. இத்தனை வருடம் ஈரத்தையே அளந்தவன், மனிதன் பெரும்பாலும் தண்ணீர் என்பதை மறந்துபோனேன்.

அங்கே என்ன எண் வர வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். அதை எழுதியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மைத்துனன் எழுதியிருப்பான். நான் ஊசி காட்டியதைத்தான் எழுதினேன்.

அறிக்கையைச் சரிபார்க்க வந்த அதிகாரி அம்மா அந்த வரியில் விரலை வைத்தார். "காஞ்ச மண்ணு எப்படிங்க இவ்ளோ சூட்டக் கடத்தும்? எங்கயாவது தண்ணி கசியுதா?"

"தோண்டித்தான் பாக்கணும்" என்றேன். மண்வெட்டியையும் நானே எடுத்துக்கொடுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் நான் இல்லை.

என் மைத்துனனைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். பிணம் காய்ந்த மண்ணில் கிடைத்ததாக உங்கள் தாளில் இருக்கிறது. ஊசி ஈரம் என்று காட்டிய மண் அது. மாற்றிவிடுங்கள், ஐயா. பொய்யான தாளில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.