பதினெட்டாவது பேரு

— குலுக்கல்ல பதினேழு பேரைக் கூப்பிட்டும் ஒருத்தன்கூட மேடைக்கு வரலேங்கிறே? யா ரப்பே! உடையப்பா, என் கடையில தராசு இருக்கு. நீ வேற வந்து அளக்காதே.

— அளக்கல நூஹு பாய். சூப்பர் மார்க்கெட் வாசல்ல ஆயிரம் நாற்காலி போட்டிருந்தான். உக்காந்திருந்தது நானும் ரெண்டு பூனையும்.

— பூனையும் குலுக்கலுக்குக் கூப்பன் போட்டிருந்துச்சாக்கும்?

— ஒண்ணு போட்டுச்சு. பாவம், பேரு வரல.

— மூஞ்சிய மட்டும் வச்சிக்கிறான் பாரு, பச்சைப்புள்ளையாட்டம்! சரி, பரிசு என்ன? கார்தானே?

— கார வச்சு நான் என்ன செய்ய? துபாய்ல ஏழு நாளு. விசா, டிக்கெட்டு, ஓட்டலு எல்லாம் அவங்களே. நாகவள்ளி ஊர்ல இருந்து நேரா துபாய் வந்து எறங்குறா. கல்யாணமாகிப் பதினோரு வருசத்துல நான் நாலு லீவு போயிருக்கேன். கேம்ப்புல சோறாக்குறவனுக்கு எந்த கஃபீலு, எந்த மொதலாளி குடும்ப விசா குடுப்பான்? அவளை ஒரு தடவ கூட்டியாரணும்னா இத விட்டா வேற வழி கெடையாது.

— மாஷா அல்லாஹ்! மனசு குளுந்துச்சுடா. எப்படி அடிச்சே? கூப்பனை விசிறி மாதிரி மடிச்சுப் போட்டா எடுக்குறவன் கையில தட்டுப்படும்பாங்களே, அதா?

— அந்த மடிப்பைக் கண்டுபிடிச்சதே நான்தான். அதப் பாத்துட்டு நம்ம அப்பாசியா ஏரியா முழுக்க மடிச்சுப்புட்டான். பெட்டிக்குள்ள அம்புட்டும் விசிறி. உள்ளாற ஆளு படுத்துத் தூங்கலாம், அம்புட்டுக் காத்து.

— பொறவு?

— சட்டத்தப் படிச்சேன் பாய். கூப்பனுக்குப் பின்னாடி பொடி எழுத்துல போட்டிருந்தான். பேரு வந்தவன் சிவில் ஐடியோட அங்கனயே நிக்கணும். மூணு தடவ கூப்பிடுவான். ஆளு மாஃபி, இல்லேன்னா அடுத்த சீட்டு. நம்ம பேரு வரணும்னு பாடுபடுறவன் கிறுக்கன். பேரு வந்தவன் வராம இருக்கத்தான் பாடுபடணும்.

— நில்லு, நில்லு. நேத்து வெள்ளிக்கிழமை, சாயங்காலம் அசர் தொழுகை முடிஞ்ச கையோட, உன் கேம்ப்புல ஊருக்கே மட்டன் பிரியாணி போட்டியே. நேர்த்திக்கடன்னு சொன்னியேன்னு நானும் வந்து பந்தியில உக்காந்தேனே!

— நேர்த்திக்கடன்தான். குலுக்கலும் அதே நேரந்தான்.

— அடப்பாவி! நான் உனக்காக துஆ வேற செஞ்சேனேடா!

— அதான் பலிச்சிருச்சே. அண்டாவ எறக்கி வச்சிட்டு, கரண்டிய எனக்கு எடுபிடியா இருக்குற பாலகுரு கையில குடுத்தேன். தட்டுக்கு ஒரு நிமிசம் எடுத்துக்க, முட்டைய மட்டும் ஆறு மணிக்கு முன்னாடி கண்ணுல காட்டாதேன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். முட்டை வராம தமிழன் எந்திரிப்பானா? மலையாளிதான் எந்திரிப்பானா? வரிசை நாலாவது ரிங் ரோடு வரைக்கும் போயிருச்சு. ரோந்து வந்த போலீஸ்காரரு வண்டிய நிறுத்திட்டு, அவரும் ஒரு தட்டைத் தூக்கிட்டு நின்னாராம்.

— ஒருத்தன்கூடவா மேடைக்கு வரல?

— பதினஞ்சாவது பேருக்கு ஒருத்தன் வந்தான் பாய், கையில சோத்துப் பருக்கையோட. எனக்கு நாகவள்ளி ஏறுன பிளேனு அப்படியே திரும்புற மாதிரி இருந்துச்சு. ஆனா பந்திக்கு வந்தவன் கைலியோட வந்திருக்கான். ஐடி பேண்ட்டுல, பேண்ட்டு ரூம்ல. கலாஸ், அவன் கத முடிஞ்சுது! அப்புறம் ரெண்டு பேரு, ஆளு இல்ல. பதினெட்டாவது, உடையப்பன்! மைக்குக்காரன் ஒரு தடவதான் கூப்பிட்டான். ரெண்டாவது தடவைக்கு மைக்கு என் கையில இருந்துச்சு.

— யா ரப்பே, நீ மனுசனே இல்ல! ஆனா ஒண்ணுடா... மொதல்ல பேரு வந்தவனை நெனச்சாத்தான் வயிறு எரியுது. அவனும் பொண்டாட்டியக் கூட்டியாரலாம்னுதானே போட்டிருப்பான்? அந்தப் புள்ளைக்கு என்னடா பதில் சொல்லுவே?

— அதுக்குத்தான் வேகு வேகுன்னு ஓடியாந்தேன் பாய். பரிசு ஒரு ஜோடிக்கு இல்ல, ரெண்டு ஜோடிக்கு. கூட யாரு வர்றாங்கன்னு இன்னிக்கே எழுதிக் குடுக்கணுமாம்.

— அப்ப அந்தாளத் தேடிப் பிடிடா! எந்த ஊர்க்காரன்? பேரு என்ன?

— நூஹுன்னு கூப்பிட்டான், மூணு தடவ. உங்க வீட்டு ஜுலைஹா அக்கா பாஸ்போர்ட்டு நகலை எடுங்க.